தகிமுரா வீட்டுக் கொக்கிக் கயிறு

மழைக்காலம் முடிய இன்னும் சில நாள்கள் இருந்தன. கிடங்குக் கதவின் அடியில் நான் போட்டிருந்த அரிசிமாவுக் கோடு மறுபடியும் கலைந்திருந்தது.

குனிந்து பார்த்தேன். எறும்பு தின்றால் கோடு புள்ளி புள்ளியாக அறுந்துபோகும். வாசல் கோலம் போடுகிற வீட்டில் வளர்ந்தவனுக்கு அதுகூடவா தெரியாது? இது அப்படி இல்லை. யாரோ துணியை வைத்து இழுத்ததுபோல மாவு ஒரு பக்கமாகத் தீற்றியிருந்தது. கதவுக்கு முன்னால் யாரோ நின்றிருக்கிறார்கள். ஒரு தடவை என்றால் பூனை என்று விட்டுவிடலாம். பூனை தினமுமா வரும்?

மழைக்காலத்தில் அந்தக் கதவை யாரும் திறக்கக்கூடாது. ஈரக்காற்று உள்ளே போனால் பழைய கருவிகளின் இரும்பு துருப்பிடிக்கும், கயிறு பூஞ்சை பிடிக்கும். மழை ஓய்ந்து வெயில் வந்ததும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து நிழலில் காற்றாட வைத்து, கிராம்பு எண்ணெய் தடவி, திரும்ப உள்ளே வைப்போம். அதுவரை பூட்டு பூட்டுதான்.

பூட்டுக்குச் சாவி மூன்று. ஒன்று எங்கள் ஆசிரியர் தகிமுரா சிஸு சென்செய்யிடம். இந்த நிஞ்ஜா பயிற்சிப் பள்ளி அவர் குடும்பத்துடையது, இப்போது நடத்துவதும் அவர்தான். இன்னொன்று ஒனுகி அண்ணனிடம்; கீழே பெரிய சாலையில் டயர் கடை வைத்திருக்கிறார், வாரக் கடைசியில் மாணவர்களுக்குக் கயிறு ஏறக் கற்றுத் தருவார். மூன்றாவது சாவி வைத்திருந்தவர் வசந்தத்தில் மகளோடு இருக்க ஒசாகாவுக்குப் போய்விட்டார். அது என்னிடம் வந்தது.

சாவியோடு சத்தியமும் வந்தது. காக்கை உருவங்கள் அச்சடித்த கோயில் தாளில் விரலைக் குத்தி ரத்தம் வைத்தேன். தாளை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். சத்தியம் இதுதான்: சாவி வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் கதவில் தனக்கென்று ஒரு அடையாளம் வைக்கவேண்டும். யாராவது உள்ளே போனால் அது கலையவேண்டும். அந்த அடையாளம் என்ன என்பதை மனைவிக்குச் சொல்லக்கூடாது, பிள்ளைக்குச் சொல்லக்கூடாது, மற்ற இரண்டு சாவிக்காரர்களுக்கும் சொல்லக்கூடாது. சொன்னவன் சாவியைத் திருப்பித் தரவேண்டும். நானூறு வருடங்களுக்கு முன்னால் நொபுனாகா என்ற பிரபுவின் படை இந்த இகா மலைகளைக் கொளுத்தியபோது, தகிமுரா வீட்டுக்குள் இருந்த ஒருவனேதான் பின்வாசலைத் திறந்துவிட்டானாம். அதற்குப் பிறகு வந்த வழக்கம் என்பார்கள்.

எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. நான் வேலைக்கு வந்த தொழிற்சாலை ஆள்குறைப்பு செய்தபோது, இங்கே வாரக் கடைசியில் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த என்னை சென்செய்தான் பராமரிப்பு வேலைக்கு எடுத்துக்கொண்டார். என் விசா நீட்டிப்புத் தாள் அவர் மேசையில் கிடந்தது. அவர் முத்திரை விழவேண்டும். "பழைய பொருளையெல்லாம் பார்த்துப் பதிய மாகாண அலுவலகத்துலேர்ந்து ஆளுங்க வராங்க. அது முடியட்டும், போட்டுடறேன்" என்று சொல்லியிருந்தார். அது முடிவதற்குள் கிடங்கில் ஏதாவது காணாமல் போனால் யாரைக் கேட்பார்கள்? முப்பது வருடமாக இருக்கிற ஒனுகி அண்ணனையா?

அதனால் கோடு கலைந்ததைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. ஈரத்துணியால் கல்படியை நன்றாகத் துடைத்தேன். முற்றத்துப் பைன் மரம் உதிர்த்த ஊசிகளையும் தூசியையும் தட்டிவிட்டு, புதிதாகக் கோடு போட்டேன். பிறகு எல்லாரையும் கவனிக்க ஆரம்பித்தேன்.

அன்று சாயங்காலம் கிடங்குப் பக்கமிருந்து ஒனுகி அண்ணன் வந்தார். கடை உடுப்பிலேயே இருந்தார். என்னைக் கண்டதும் நடையைக் குறைத்தார்.

"என்ன தம்பி, இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"வேலை இருந்துச்சு அண்ணே. நீங்க இந்தப் பக்கம்?"

"ஏன், வரக்கூடாதா? உன்கிட்ட பர்மிஷன் வாங்கணுமா?"

"இல்ல, டயர் கடை இந்நேரம் திறந்திருக்குமேன்னு கேட்டேன்."

"எங்க வீட்டுக்காரியும் இதேதான் கேக்கறா. தினம் சாயங்காலம் எங்க போறீங்கன்னு. நீ ஒரு பக்கம், அவ ஒரு பக்கம்." சிரித்தார். கண் சிரிக்கவில்லை. "ஆமா, காலையில நீ எத்தன மணிக்கு வர்ற?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மா."

இந்தப் பள்ளியில் யாரும் சும்மா கேட்பதில்லை. உட்காரும்போது சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்காரச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

மழை ஓய்ந்தது. வெயில் வந்த முதல் காலையில் சென்செய் கதவைத் திறந்தார். நாங்கள் மூவரும் வரிசையாக நின்று ஒவ்வொரு பெட்டியாகக் கைமாற்றிக் கூடத்துக்குக் கொண்டுவந்து, பாய்மேல் பரப்பினோம். இரண்டு பக்கமும் பல் வைத்த சின்ன ரம்பம், சங்கிலி கோத்த அரிவாள், கையில் மாட்டிக்கொள்ளும் இரும்பு நகம், துரத்தி வருகிறவன் காலில் குத்த வழியில் தூவும் முள்காய்கள், எறியும் நட்சத்திரங்கள். வருகிறவர்கள் எல்லாரும் நட்சத்திரத்தோடுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். சென்செய்க்கு அதில் எரிச்சல்.

"நட்சத்திரத்த இடுப்புல வெச்சுக்கிட்டு செக்போஸ்ட்ல மாட்டினா தலை போயிடும்" என்பார். "பழைய ஆளுங்க வழிக்கு எடுத்துட்டுப் போனது ஆறே ஆறு சாமான். பிரம்புத் தொப்பி, கொக்கிக் கயிறு, எழுதறதுக்குக் கல்லுக்குச்சி, மருந்து, துண்டு, நெருப்பு வைக்கற மூங்கில் குழாய். பார்த்தா வழிப்போக்கன். அவ்ளோதான்."

அந்த ஆறில் எங்களிடம் உண்மையிலேயே பழையது கொக்கிக் கயிறு மட்டும்தான். நான்கு கொம்பு கொண்ட இரும்புக் கொக்கி. ஒரு கொம்பு வளைந்திருக்கும். ஊர் எரிந்த அன்று, தகிமுரா வம்சத்து மூத்தவர் பின்மலைப் பாறையில் இந்தக் கொக்கியை மாட்டிக் குடும்பத்தையே கீழே இறக்கினாராம். கடைசியாக இறங்கியவரின் கனத்தில் வளைந்ததாம். மாகாண அலுவலகம் வருவதே இதைப் பார்க்கத்தான்.

சென்செய் அந்தப் பெட்டியைத் தானே திறந்தார். உள்ளே சுற்றிவைக்கும் துணி மட்டும் மடித்துக் கிடந்தது.

கூடத்தில் கிராம்பு வாசனை. ஒனுகி அண்ணன் பெட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நான் கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

"பூட்டு உடையல" என்றார் சென்செய். "நான்தான் திறந்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. சாவி மூணுதான்." குரல் ஏறவே இல்லை. "ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சமையலறைக்கு வாங்க. வரும்போது ஏதாவது ஞாபகம் வந்தா நல்லது. இல்லன்னா நாளைக்குக் காலையில போலீஸ்கிட்ட போறேன்."

போலீஸ் வந்தால் முதலில் கேட்பது என் குடியிருப்பு அட்டையைத்தான். முத்திரை விழாத தாளோடு நான் அவர்கள் முன்னால் நிற்கவேண்டும். அதற்கப்புறம் விமானம்தான். அம்மா பக்கத்து வீட்டில் என்ன சொல்வாள்? நிஞ்ஜா பள்ளியில் வேலை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

மதியம் பெட்டிகளைத் துடைக்க எண்ணெய்ப் புட்டி தீர்ந்துபோய், புதுப் புட்டி ஒனுகி அண்ணன் வண்டியில் இருக்கிறது என்றார் சென்செய். எடுக்கப் போனேன். பின்கதவைத் திறந்ததும் ரப்பர் வாசனைக்கு நடுவே கிராம்பு வாசனை மூக்கில் ஏறியது. புது எண்ணெய்ப் புட்டி மூடி முத்திரை உடையாமல் இருந்தது. அது மணக்காது.

திரும்பினால் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நடந்து வந்த சத்தமே கேட்கவில்லை.

"என்னடா மோப்பம் பிடிக்கற?"

"வண்டியில கிராம்பு வாசனை வருது அண்ணே."

"உன் கையை மோந்து பாரு. அதுலயும் வருது. அப்ப நீ திருடனா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"வாயால சொல்லல." பின்கதவைச் சாத்தினார். "தம்பி, ஒண்ணு சொல்றேன். உனக்குத் தாள்ல முத்திரை வேணும். சென்செய்க்கு ஒழுகற கூரையைச் சரி பண்ணணும். ஆளுக்கு ஒரு தேவை இருக்கு. எனக்கு என்ன தேவை இருக்குன்னு யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது.

சமையலறைக்குப் போனபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. சென்செய் குளிர்ந்த பார்லி டீ ஊற்றினார். இந்த ஊர்க் கல் பிஸ்கட் ஒரு தட்டில் இருந்தது. பல்லால் கடிக்க முடியாது, சின்ன மரச் சுத்தியால் உடைத்துத்தான் தின்னவேண்டும். மேசையில் வழக்கமான பூப்போட்ட விரிப்பைக் காணோம். பொருள்களுக்கு எண்ணெய் தடவும்போது விரிக்கும் சிவப்புக் கம்பளித் துணி கிடந்தது. பூ விரிப்பு துவைக்கப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மழைக்காலத்துல யாராவது எதையாவது பார்த்தீங்களா?" என்று கேட்டார் சென்செய்.

"இல்ல" என்றார் ஒனுகி அண்ணன். பிஸ்கட்டின் மேல் சுத்தியைப் போட்டார். டக்.

"பரிதி?"

இல்லை என்று சொல்லவேண்டும். பார்த்தேன் என்றால் எப்படித் தெரியும் என்பார்கள். எப்படி என்று சொன்னால் சத்தியம் போகும், சாவி போகும். சொல்லாவிட்டால் நாளைக்குப் போலீஸ். மாவு தீற்றியிருந்த விதம் கண்முன்னே வந்தது. அது முட்டி. ஒருவன் கதவின் முன் மண்டியிட்டிருக்கிறான். தினம் சாயங்காலம் அந்தப் பக்கமிருந்து வருகிறவர் எதிரே உட்கார்ந்து பிஸ்கட் உடைக்கிறார்.

"என் அடையாளம் கலைஞ்சிருந்துச்சு" என்றேன்.

சுத்தி நின்றது. "வாயை மூடு" என்றார் ஒனுகி அண்ணன். "சாம்பல் குடிச்சிருக்க."

"குடிச்சேன் அண்ணே. ஆனா நான் திருடல. கதவுக்கும் கல்படிக்கும் நடுவுல அரிசிமாவுல ஒரு கோடு போடுவேன். தினம் காலையில போய்ப் பார்ப்பேன். தினம் கலைஞ்சிருந்துச்சு. யாரோ முட்டி போட்டு இழுத்த மாதிரி."

சென்செய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒனுகி அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "தினமுமா?"

"தினமும். அப்புறம் படியைத் துடைச்சிட்டு மறுபடி போடுவேன்."

"துடைப்பியா?"

"ஈரத்துணியால. சுத்தமா இருந்தாத்தானே கோடு தெரியும்."

"எதைத் துடைப்ப? என்ன கிடக்கும் அங்க?"

"என்ன கிடக்கும், தூசிதான். இலை. கதவு இடுக்குல சொருகின மாதிரி ஒரு பைன் ஊசி எப்பவும் கிடக்கும். அதையும் தட்டிவிட்டுடுவேன்."

அவர் சுத்தியைக் கீழே வைத்தார். தன் நீலக் கடை உடுப்பின் முட்டியைக் குனிந்து பார்த்தார். அங்கே இன்னும் லேசாக வெள்ளை இருந்தது. விரலால் தேய்த்து, விரலை நக்கிப் பார்த்தார்.

"எம் பொண்டாட்டி ஒரு மாசமா கேக்கறா" என்றார். "முட்டியில என்ன வெள்ளை, எவ வீட்டுல பவுடர்னு. எனக்கும் தெரியல. கடையில சுண்ணாம்பு எதுவும் இல்லையேன்னு மண்டையை உடைச்சுக்கிட்டேன்."

எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. சென்செய்க்குப் புரிந்துவிட்டது. டீக் கோப்பைக்குப் பின்னால் வாயை மறைத்துக்கொண்டார்.

"நான் எதையும் சொல்லலை" என்றார் ஒனுகி அண்ணன் அவரிடம், அவசரமாக. "கவனிச்சுக்கோங்க. நான் என் அடையாளத்தைச் சொல்லவே இல்லை."

"இல்ல. நீ சொல்லல" என்றார் சென்செய்.

ஒனுகி அண்ணன் எழுந்து வெளியே போனார். வண்டிக் கதவு திறக்கும் சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சாயங்காலம் மண்டியிட்டு ஊசியைச் சொருகியிருக்கிறார். அந்த முட்டி என் மாவை இழுத்திருக்கிறது. நான் காலையில் படியைத் துடைத்து அவர் ஊசியை எறிந்திருக்கிறேன். அவருக்கு நான் திருடன். எனக்கு அவர் திருடர். வெளியாள் யாரும் அந்தக் கதவைத் தொடவே இல்லை.

திரும்பி வந்தபோது அவர் கையில் துண்டால் சுற்றிய ஒரு பொதி. சிவப்புத் துணியின் நடுவில் வைத்துப் பிரித்தார். நான்கு கொம்பு, ஒன்று வளைந்தது. கயிறு பாம்புபோல ஒழுங்காகச் சுற்றியிருந்தது. கிராம்பு வாசனை.

"ஸ்டெப்னிக்குள்ள வெச்சிருந்தேன்" என்றார். "தினம் எவனோ உள்ள போயிட்டு வரான்னு நெனச்சேன். வந்தவன் இதைத்தானே எடுப்பான். அவனுக்கு முன்னாடி நான் எடுத்துட்டேன்."

"மழையில திறந்து" என்றார் சென்செய்.

"மழையில திறந்துதான். தப்புதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

ஒனுகி அண்ணன் பிஸ்கட் துண்டு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

"ஓஹோ" என்றார் சென்செய். "நானும் அந்தக் கணக்குல உண்டா?"

"அலுவலகத்துல பதிஞ்சுட்டா அப்புறம் விக்க முடியாது. கூரை ஒழுகுது, என்ன செய்யறதுன்னே தெரியலன்னு நீங்கதானே புலம்பிக்கிட்டு இருந்தீங்க. இந்தக் கொக்கியை வாங்க ஆள் இருக்கு, எனக்குத் தெரியும்."

"எங்கப்பா கையில பிடிச்ச கயிறை நான் விப்பேனா?"

"மாட்டீங்க. ஆனா மாட்டீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

இதற்கு சென்செய் கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. வளைந்த கொம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

நான் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன்.

"நீ திருடல" என்றார். "ஆனா சத்தியத்தை உடைச்ச. இனிமே அந்தக் கதவுப் பக்கம் தனியாப் போகாத. யாராவது ஒருத்தர் கூட இருக்கணும்."

"சரி சென்செய்."

"இவனாலதானே எல்லாம் தெரிஞ்சுது" என்றார் ஒனுகி அண்ணன். என் பக்கம் பேசுகிறாரா, இல்லை தான் சத்தியத்தை உடைக்கவில்லை என்று மறுபடி நினைவுபடுத்துகிறாரா என்று சொல்ல முடியாது.

"தெரிஞ்சுதுதான். அதுக்காகச் சாவி திரும்பக் கிடைக்காது." எழுந்து உள்ளே போய் என் தாளையும் முத்திரைப் பெட்டியையும் எடுத்துவந்தார். "திருடனுக்கு முத்திரை போட மாட்டேன். வாய் நிக்காதவனுக்குப் போடலாம். அவன் வாசல்ல நின்னு வர்றவங்ககிட்ட பேசட்டும். நட்சத்திரத்தோட படம் எடுக்கறவங்களுக்கு அந்த ஆறு சாமானைப் பத்தி நீயே சொல்லு. எனக்குத் தொண்டை வலிக்குது."

சிவப்பு மை ஒட்டிய முத்திரை தாளில் அழுந்தியது. ஒனுகி அண்ணன் சுத்தியால் ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பெரிய துண்டை என் பக்கம் தள்ளினார்.

மாகாண அலுவலக ஆட்கள் வந்தார்கள். கையுறை போட்டுக் கொக்கியைத் தூக்கிப் பார்த்தார்கள், கயிற்றை மோந்து பார்த்தார்கள், ஒருவர் ஏன் ரப்பர் வாசனை வருகிறது என்று கேட்டார். நாங்கள் மூவரும் வேறு வேறு பக்கம் பார்த்தோம்.

அதன் பிறகு ஒரு மதியம், நான் வாசலில் தொப்பியையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக் கூட்டத்துக்குக் கதை சொல்லி முடித்து நின்றேன். ஒனுகி அண்ணன் பக்கத்தில் வந்து நின்றார். சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான்.

"தம்பி, அன்னிக்குச் சமையலறையில ஒண்ணு கவனிச்சியா?"

"எதை அண்ணே?"

"சிவப்புத் துணி. நாம உள்ள போறப்பவே விரிச்சிருந்துச்சு. நான் கொக்கியைக் கொண்டுவந்து வைக்கறதுக்கு முன்னாடியே."

நானும் அதையேதான் பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பூ விரிப்பு அன்று துவைக்கப் போகவில்லை. மறுநாள் பழைய டீக் கறையோடு மேசையில் கிடந்தது.

"சென்செய்க்கு முன்னாடியே தெரியும்னு சொல்றீங்களா?"

"எனக்கு எதுவும் தெரியாது. உன் அடையாளம் மாவு. என்னோடது..." நிறுத்திக்கொண்டார். "என்னோடது என்னோடது. அவங்களோடது என்ன? அது கலைஞ்சுதுன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னாங்களா?"

சொல்லவில்லை. அன்று முழுக்க ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கூடத்து ஜன்னலில் சென்செய் தெரிந்தார். எங்கள் இருவரையும் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நாங்களும் அசைத்தோம். அவர் உள்ளே போகும்வரை இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை.